விளையாட்டுக் கணிப்பொறி வாங்குமுன்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிக்கடி எழுகின்றது. பன்னிரண்டாம் வகுப்பிலோ பாலிடெக்னிக்கிலோ படிக்கும் பிள்ளை, விளையாடவும் படிப்புக்கும் உதவுமாறு கணிப்பொறி ஒன்று வேண்டும் என்று கேட்கின்றான். தந்தையார் வளைகுடா நாட்டிலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கின்றார். சிட்டிப் பணம் கைக்கு வரும் மாதத்தைக் கணக்குப் பார்த்து, எழுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்குள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று தொலைபேசியில் சொல்லிவிடுகின்றார். தேர்ந்தெடுக்கும் பொறுப்போ, அதைப்பற்றி ஒன்றும் அறியாத தாயின் தலையிலும், எல்லாம் அறிந்ததாக எண்ணும் பிள்ளையின் தலையிலும் விழுகின்றது. கடைக்காரர் தரும் துண்டுக் காகிதம் ஒன்றை நம்பி ஓராண்டுச் சேமிப்பைக் கொடுத்துவிட்டு வருகின்றார்கள்.

எமது தொழில் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பொறியியல் கற்றதில்லை. ஆயினும் சீட்டில் எழுதியிருப்பதும் வண்டியில் ஏறியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது எமக்குப் பழகிய காரியம். கணிப்பொறி வாங்குவதிலும் அந்தப் பழக்கமே பயன்படும் என்பது எமது துணிபு. எந்த உறுப்பின் பெயரும் எண்ணும் முழுமையாக எழுதப்படவில்லையோ, அந்த உறுப்புக்குப் பணம் கொடுக்கலாகாது. இக்கட்டுரையில் யாம் சொல்ல வருவது பெரும்பாலும் இவ்வளவே.

சென்ற ஆண்டு அன்பர் ஒருவருக்குக் கிடைத்த கொட்டேஷனை, அதாவது விலைச்சீட்டை, யாம் காண நேர்ந்தது. அதில், "ஐ7 பிராசஸர், 16 ஜி.பி. ராம், 1 டி.பி., 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட் கேபினட், கேமிங் பி.சி." என்று எழுதியிருந்தது. படிப்பவர்க்கு எல்லாம் நிறைவாகத் தோன்றும். எந்த ஐ7 என்று கேட்குமாறு சொன்னோம். கேட்டபோது 3770 என்று விடை வந்தது. அது 2012இல் வெளிவந்தது. கிராபிக்ஸ் கார்டு ஜி.டி. 730 என்றார்கள், அது 2014இல் வந்தது, புதிய விளையாட்டுகளுக்குச் சற்றும் ஆகாதது. பழைய அலுவலகக் கணிப்பொறியைக் கழற்றி, வண்ண விளக்குகள் மின்னும் புதுப் பெட்டிக்குள் வைத்திருக்கின்றார்கள் என்பது அப்போது வெளியாயிற்று. அந்த ஐ7இல் விண்டோஸ் 11 முறைப்படி ஓடாது. இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை மைக்ரோசாப்ட் ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்குரிய பொதுவான ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. சீட்டில் பொய் ஒன்றும் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். எழுதாமல் விட்ட நான்கு எண்களில் எல்லாம் அடங்கியிருந்தது.

நிற்க. விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடனே முகம் சுளிக்கும் பெரியோர் நம்மில் உளர். அவர்கள் அஞ்சுவது பெரும்பாலும் பணம் வைத்து ஆடும் கைப்பேசி ஆட்டங்களை. அவற்றைத் தடை செய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அவ்வகை ஆட்டத்துக்கு எளிய கைப்பேசியே போதும்; லட்ச ரூபாய்ப் பொறி வேண்டியதில்லை. பொறி கேட்கும் பிள்ளைகள் விரும்புபவை வேறு. படமும் வேகமும் நிறைந்தவை. மேலும், கேரளப் பள்ளிகளில் 2018 முதல் நடைபெறும் லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் பிளெண்டர் என்னும் மென்பொருளைக் கொண்டு அசைபடம் செய்யக் கற்றுத்தருகின்றார்கள். விளையாட்டுக்கு உதவும் கிராபிக்ஸ் கார்டே அவ்வேலையையும் விரைவாக்கும். ஆனால், பாடம் படிக்கவும் கட்டுரை தட்டச்சிடவும் மட்டுமே வேண்டுமெனில் இப்பணத்தில் பாதி போதும். படிப்புக்கு என்று சொல்லி விளையாட்டுப் பொறி வாங்குவதைவிட, விளையாட்டுக்கே என்று சொல்லி வாங்குவது குடும்பத்துக்கு நல்லது என்று யாம் கருதுகின்றோம்.

இனி உறுப்புகளைப் பார்ப்போம். விளையாட்டுப் பொறியில் முதலிடம் கிராபிக்ஸ் கார்டுக்கே உரியது. சாதாரண முழு எச்.டி. திரையில் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080 என்று ஏறக்குறைய 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. விளையாட்டு தடங்கலின்றி ஓட விநாடிக்கு 60 படங்களேனும் வேண்டும். அதாவது விநாடிதோறும் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும். இந்தச் சுமையை இழுக்கும் எஞ்சின் கிராபிக்ஸ் கார்டுதான். பிராசஸருக்கு ஐ9 போட்டு, கார்டுக்கு மலிவானதை வைப்பது, சின்ன எஞ்சினில் நீண்ட வண்டியைக் கோத்துவிட்டு நிலைய அதிகாரிக்கு மட்டும் சம்பளம் கூட்டிக் கொடுப்பது போன்றது. நடுத்தரப் பொறியின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கார்டுக்கே செல்ல வேண்டும்.

கார்டின் பெயரிலும் குழப்பம் உண்டு. 2022இல் என்விடியா நிறுவனம் ஆர்.டி.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜி.பி., 12 ஜி.பி. என இரண்டு கார்டுகளை அறிவித்தது. நினைவகம் மட்டுமன்றி உள்ளிருக்கும் சில்லே வேறு. பலரும் கண்டிக்கவே, அவ்வாண்டு அக்டோபரில் 12 ஜி.பி. கார்டை விற்பனைக்கு வருமுன்பே நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அத்தனை பேர் கண்டிக்காத இடங்களில் இவ்வழக்கம் நிற்கவில்லை. ஆர்.டி.எக்ஸ். 3050 என்பது 2022இல் 8 ஜி.பி.யுடன் வந்தது, 2024இல் அதே பெயரில் 6 ஜி.பி.யுடன் வேகம் குறைந்த வேறொன்று வந்தது. விலைச்சீட்டில் "3050" என்று மட்டும் இருந்தால் எது வீட்டுக்கு வரும் என்று சொல்ல வேண்டுமா? மடிக்கணினிகளில் இது இன்னும் கடினம். ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற ஒரே பெயருடைய மடிக்கணினிக் கார்டு 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். இரண்டின் வேகமும் ஒன்றாக இராது.

நம் வரவுக்குள் அடங்கும் கார்டுகளில் இன்று கேட்டுப் பார்க்கத் தக்கவை 2025இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5060, 5060 டி.ஐ., ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. ஆகியவை. முதலாவது 8 ஜி.பி. நினைவகத்துடன் மட்டுமே வருகின்றது. மற்ற இரண்டும் 8, 16 என்ற இரு வகையிலும் வருகின்றன. புதிய விளையாட்டுகள் சிலவற்றில், படத்தின் தரத்தை உயர்த்தினால் 8 ஜி.பி. போதாமல் ஆட்டம் விக்கி விக்கி நிற்கின்றது. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நம் குடும்பங்களில் இத்தகைய செலவு செய்ய இயலும். ஆதலால் வண்ண விளக்குக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் போகும் பணத்தை மிச்சம் பிடித்து, 16 ஜி.பி. கார்டை எட்டிப் பிடிக்க முடியுமா என்று பார்ப்பதே அறிவுடைமை. வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்றவற்றை மட்டும் ஆடும் பிள்ளைக்கு 8 ஜி.பி. கார்டே தாராளம்.

பிராசஸரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்டெல் கோர் ஐ5 12400எஃப், ஏ.எம்.டி. ரைசன் 5 7600 ஆகிய இரண்டும் இந்தக் கார்டுகளுக்கு ஈடு கொடுக்கும். பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி வேண்டுமெனில் இரண்டாவதே மேல். அது பொருந்தும் ஏ.எம்.5 தாய்ப்பலகையை 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. சொல்லியிருக்கின்றது. முதலாவது பொருந்தும் பலகைக்கு இன்டெல்லின் பதினான்காம் தலைமுறையோடு வழி அடைபட்டது. எஃப் என்ற எழுத்தோடு முடியும் இன்டெல் பிராசஸரில் படம் காட்டும் பகுதி இல்லை என்பதையும் நினைவில் வைக்க. கார்டு பழுதாகிச் சர்வீசுக்குப் போனால் அது திரும்பும் வரை திரை இருண்டே கிடக்கும்.

ராம் விஷயத்தில் காலம் நமக்கு மாறாக நிற்கின்றது. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணிப்பொறி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், 2025இன் இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறிற்று. உலகில் இதைச் செய்யும் முதன்மையான நிறுவனங்கள் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே. அவற்றுள் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்று வந்த குரூஷியல் என்ற தன் வணிகத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இதன் விளைவு ரெடிமேட் பொறிகளில் தெரிகின்றது. 16 ஜி.பி. இருந்த இடத்தில் 8 வைக்கின்றார்கள். அல்லது இரண்டு 8 இருக்க வேண்டிய இடத்தில் ஒரே 16 வைக்கின்றார்கள். இரண்டு துண்டாக இருந்தால் பிராசஸருக்கு இரண்டு பாதை. ஒன்றாக இருந்தால் ஒரே பாதை, வேகமும் குறையும். விலைச்சீட்டில் "8+8" என்று எழுதச் சொல்லுங்கள். முடியாதெனில், இன்னொரு துண்டு செருகக் காலியிடம் உண்டா என்றாவது கேளுங்கள்.

சேமிப்புக்கு என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. 1 டி.பி. வேண்டும். ஒரு பெரிய விளையாட்டே 100 ஜி.பி.க்கு மேல் இடம் பிடிக்கின்றது. திரையையும் இதே தொகைக்குள் அடக்க வேண்டும் என்பதைப் பலர் கடைசியில்தான் நினைக்கின்றார்கள், முழு எச்.டி. அளவில் 144 ஹெர்ட்ஸ் திரை இப்பொறிக்குப் பொருத்தம்.

யாவரும் பாராமுகமாக விடும் உறுப்பு ஒன்று உண்டு. அது பவர் சப்ளை. விலைச்சீட்டில் "450 வாட் எஸ்.எம்.பி.எஸ்." என்று மட்டும் இருக்கும், யார் செய்தது என்று இராது. ஆர்.டி.எக்ஸ். 5060 கார்டு ஒன்றே 145 வாட் வரை இழுப்பது. அதற்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியாவே சொல்கின்றது. 5060 டி.ஐ.க்கு 600. தரமற்ற பவர் சப்ளை தான் மட்டும் எரிந்து போவதில்லை. சில வேளை தாய்ப்பலகையையும் கார்டையும் உடன் அழைத்துக்கொண்டு போகின்றது. பெயர் பெற்ற நிறுவனத்தின், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையுள்ள 550 அல்லது 650 வாட் பவர் சப்ளையின் மாடல் எண்ணைச் சீட்டில் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு வரியை எழுதத் தயங்கும் கடையில் மற்ற வரிகளையும் யாம் நம்பமாட்டோம்.

நம் ஊரின் தட்பவெப்பத்தையும் மறக்கலாகாது. பொழியூர், பூவாறு முதலிய கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பைத் தின்கின்றது. உள்ளே வந்தால் ஈரக் காற்று. முகப்பு முழுவதும் கண்ணாடியாக மூடிய பெட்டியில் காற்று நுழைய வழியில்லை. சூடு ஏறி, பொறி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முகப்பில் வலையும், வலைக்குப் பின் தூசி வடிகட்டியும் உள்ள பெட்டியே நமக்கு ஏற்றது. பின்புறத்து இடைவெளிகளைத் தகட்டால் மூடிவிடுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே புகுந்து குடியிருப்பது நம் வீடுகளில் கதையன்று.

இடியும் மின்னலும் அதனினும் பெரிய பகை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகலில் கருத்து வரும் மழையிலும், சித்திரைக் கோடை மழையிலும் இங்கே மின்னல் மிகுதி. அப்போது சுவிட்சை அணைத்தல் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். இணையக் கம்பியையும் கழற்ற வேண்டும். அதன் வழியாகவும் மின்சாரம் பாயும். வீட்டில் நல்ல எர்த் இணைப்பு இருக்கின்றதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்க. கடையில் மலிவாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறக்குறைய 360 வாட் மட்டுமே தாங்கும்; விளையாட்டின் நடுவே மின்சாரம் நின்றால் அதுவும் கூடவே நின்றுவிடக்கூடும். 1000 வி.ஏ. அளவில், சைன் வேவ் வகையாகப் பார்த்து வாங்குவது நலம். இச்செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரெடிமேட் பொறிகளில் இரு வகை உண்டு. ஒன்று, பெரிய நிறுவனங்கள் தம் பெயரிட்டு மூடிய பெட்டியாக விற்பது. மற்றது, கடைகளும் இணைய வணிகர்களும் சந்தையில் கிடைக்கும் உறுப்புகளைக் கோத்து விற்பது. முதல் வகையில் பழுது வந்தால் ஆளே வீட்டுக்கு வருவதுண்டு. ஆண்மக்கள் வெளியூரில் இருக்கும் வீட்டுக்கு அது பெரிய வசதி. ஆனால் அவற்றுள் சிலவற்றில் தாய்ப்பலகையும் பவர் சப்ளையும் அந்நிறுவனத்துக்கே உரிய தனி அளவில் இருக்கும். பின்னாளில் பெரிய கார்டு வாங்கினாலும் பொருத்த முடியாது. இரண்டாம் வகையில் எதையும் மாற்றலாம். ஆனால் உத்தரவாதம் உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். கார்டுக்கு மூன்றாண்டு, பெட்டிக்கு ஓராண்டு என்று இருக்கும். வீட்டில் பொறி அறிந்த பிள்ளை இருந்தால் இரண்டாம் வகை, இல்லையெனில் முதல் வகை என்பது எமது எண்ணம். எதுவாயினும், நம் பின்கோடுக்கு ஆள் வருவார்களா, அல்லது நாம்தான் பொறியைச் சுமந்து திருவனந்தபுரமோ நாகர்கோவிலோ செல்ல வேண்டுமா என்பதை வாங்குமுன் எழுத்தில் பெற வேண்டும்.

1956 நவம்பர் 1இல் எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆயின. அன்று முதல் இரண்டு பக்கத்துச் சந்தையும் நமக்குப் பழக்கம். களியக்காவிளை தாண்டினால் விலை குறையும், அமரவிளைச் சோதனைச் சாவடியில் மறித்துக் கேட்பார்கள் என்ற பேச்செல்லாம் 2017 ஜூலை 1க்கு முந்தியது. ஜி.எஸ்.டி. வந்தபின் கணிப்பொறிக்கு இருபுறமும் வரி 18 விழுக்காடே; வணிகவரிச் சாவடிகளும் எடுக்கப்பட்டன. ஆகவே வரியை எண்ணி எல்லை தாண்ட வேண்டியதில்லை. மார்த்தாண்டத்திலோ திருவனந்தபுரத்திலோ, எங்கே சர்வீஸ் நல்லதோ அங்கே வாங்கலாம்.

சில கடைகளில், "பில் வேண்டாமெனில் குறைத்துத் தருகின்றோம்" என்பார்கள். 80,000 ரூபாய்ப் பொறியில் வரி 12,203 ரூபாய், பெரிய தொகைதான். ஆனால் பில் இல்லாத பொறிக்கு உத்தரவாதம் கேட்க வழியில்லை. அதில் வைத்த கார்டு புதியதா, பழையதா என்று கேட்கவும் வழியில்லை. பில்லில் "கேமிங் பி.சி. ஒன்று" என்று எழுதி வாங்காமல், உறுப்புகளின் பெயரையும் கார்டின் வரிசை எண்ணையும் எழுதச் சொல்லி வாங்க வேண்டும். விண்டோஸ் உரிமத்தின் விலை அதில் சேர்ந்ததா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வளைகுடாவிலிருந்து வரும் அன்பர்களுக்கு ஒரு சொல். விமானப் பயணிகள் கொண்டுவரும் ஒரு மடிக்கணினிக்குச் சுங்கவரி விலக்கு உண்டு. மேசைக் கணிப்பொறி அவ்விலக்கில் இல்லை. தனிக் கார்டாக வாங்கி வந்தாலும், பல நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடுகின்றது. பணத்தை அனுப்பிவிட்டுப் பொறியை இங்கே வாங்கச் செய்வதே பல வேளையில் சரியாக இருக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கி அனந்தபுரி எக்ஸ்பிரஸில் கொண்டு வருபவர்களும், பார்சலில் வரவழைப்பவர்களும் உண்டு. கிராபிக்ஸ் கார்டு கனமானது; தாய்ப்பலகையில் ஓர் ஓரத்தைச் செருகி நிற்பது. வழியில் குலுங்கினால் அது நழுவும், சில வேளை பலகையே விரியும். பெட்டிக்குள் பஞ்சு வைத்து அடைத்திருக்கின்றார்களா என்று கேளுங்கள்; அல்லது கார்டைக் கழற்றித் தனியே கட்டச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது முதல் முடிச்சிலிருந்தே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வழக்கு வந்தால் அதுவே சாட்சி. உள்ளே அடைத்த பஞ்சை எடுத்தபின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

திரையின் கம்பியை எங்கே செருகுவது என்பதிலும் கவனம் தேவை. பெட்டியின் பின்புறம் மேலே இருக்கும் துளை தாய்ப்பலகையினுடையது. கீழே படுக்கை வசத்தில் இருப்பது கார்டினுடையது. பல வீடுகளில் மேலே செருகிவிட்டு, "இத்தனை பணம் கொடுத்தும் ஆட்டம் ஓடவில்லையே" என்று வருந்துகின்றார்கள். கீழே செருகுங்கள். பிறகு டாஸ்க் மானேஜரைத் திறந்து, பிராசஸர், கார்டு ஆகியவற்றின் பெயரையும் ராமின் அளவையும் பில்லோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். இதைப் பிள்ளை செய்யட்டும். தாயார் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கட்டும். அன்றே ஒரு மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓடவிட்டு, இடையில் அணைந்து போகின்றதா என்று பார்த்துவிடுங்கள். அட்டைப் பெட்டியை உத்தரவாதக் காலம் முடியும் வரை பரணில் வைத்திருங்கள்.

ஒத்து வராவிட்டால் முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் நாகர்கோவிலில் இருக்கின்றார், பெங்களூரில் இருக்கின்றார் என்று தளர வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். பாறசாலைக்காரர் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தில் முறையிட்டால் போதும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரையாயின் ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். அதற்கு முன்பே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். அங்கே தமிழிலும் பேசலாம்; பில்லையும் விலைச்சீட்டையும் அருகில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.